கோட்டைக் கிணற்றுச் செருப்பு

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பாசஞ்சரில், எதிரே உட்கார்ந்திருந்த மூக்குக்கண்ணாடிக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

“மூணு மாசமா ஒரு செருப்புக்கு வைத்தியம் பண்ணிக்கினு இருந்தேங்க.”

மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டையோடு வந்த அந்த விவசாயி சிரித்துவிட்டார். “செருப்புக்கா?”

“மியூசியத்துல எனக்கு அதாங்க வேலை. தோலு, மரம், துணி, ஓலை, இதெல்லாம் கெட்டுப்போகாம காப்பாத்தணும். இந்தச் செருப்பு ஒரு பழைய கோட்டைக் கெணத்துல தூர் வாரும்போது கெடைச்சுது. முந்நூறு வருசமாவது சேத்துல கெடந்திருக்கும்.”

“மக்கிப் போயிருக்குமே!”

“சேத்துக்குள்ள காத்து போகல, தப்பிச்சிடுச்சு. எடுத்ததும் வெயில்ல வெச்சிருந்தா நொறுங்கியிருக்கும். மெல்ல மெல்ல ஈரத்தை எறக்கி, எண்ணெய் ஏத்தினேன். நேத்துதான் உள்பக்கம் தொடைச்சேன். அஞ்சு வெரலும் அப்படியே பதிஞ்சிருக்குங்க.”

“அடேயப்பா! யாரு, சிப்பாயா?”

“இல்லீங்க. செருப்பே என் கையளவுதான். நாலு வயசுக் கொழந்தையா இருக்கும்.”

விவசாயி அவருடைய கையையே பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்.

“கொழந்தையும் கெணத்துல...?”

“அடி வரைக்கும் தேடிட்டாங்க. எலும்பு எதுவும் இல்ல. இந்த ஒரு செருப்பு மட்டுந்தான்.”

விவசாயி நிம்மதியாக மூச்சு விட்டார்.

“அப்போ ஒத்தச் செருப்போட வீடு போய்ச் சேந்திருக்கும்.”