குதிமுள் இல்லாத வீரன்

மழைக்காலத்தில் அவரைக்காய் வயலுக்குள் குதிரையை விரட்டக் கூடாது சுவாமி. தப்பு என்னுடையதுதான். சேற்றில் கால் புதைந்து குதிரை சரிந்தது. என் தொடை அதன் அடியில் மாட்டிக்கொண்டது.

அன்று காலைதான் அந்த ஊரைக் கொளுத்தியிருந்தோம். எங்கள் பிரபுவுக்கும் அவர்கள் பிரபுவுக்கும் பகை. அவர்களுடைய பிரபுவோ கோட்டைக்குள் பத்திரமாக இருந்தார். வேறு யார் வீட்டைக் கொளுத்துவது?

வைக்கோல் அள்ளும் கவையோடு ஒருவன் வந்தான். ஓட்பேர் என்று பெயர். மேலெல்லாம் சாணி நாற்றம். கவையை என் கழுத்தில் வைத்தான்.

"சரணடையிறியா, குத்தவா?"

"உன்கிட்டயா? வீரன் இன்னொரு வீரன்கிட்டதான்டா சரணடைவான். மண்ணைக் கிண்டுற பயகிட்ட சரணடைஞ்சா என் பரம்பரையே காறித் துப்பும்."

"அப்ப குத்திடறேன்."

சாக எனக்கு விருப்பமில்லை. அவனை மண்டியிடச் சொல்லி, படுத்தபடியே வாளால் தோளைத் தொட்டு வீரப்பட்டம் கொடுத்தேன். ஒரு வீரன் இன்னொருவனுக்குக் கொடுக்கலாம், முறைப்படி செல்லும். பிறகு அவனிடம் சரணடைந்தேன். ஓடமாட்டேன், ஆயுதம் எடுக்கமாட்டேன் என்று சிலுவை தொட்டுச் சத்தியம் செய்தேன். கழுதைப் பயல், அழுதேவிட்டான். சத்தியம் செய்தவனிடம் வாளைப் பறிப்பது மரியாதையில்லை என்றேன். அதையும் நம்பி, குதிரைக்கு அடியிலிருந்து என்னை இழுத்து நிறுத்தினான்.

எரியாமல் மிஞ்சியிருந்த கொட்டகைக்குக் கூட்டிப்போனான். நடந்ததைக் கேட்டு அவன் மனைவி எர்மெலின் சிரித்தாள்.

"பன்னி மேய்க்கிறவரு வீரராயிட்டாராக்கும். ஐயா வீரரே, முதல்ல அந்த வாளைப் பிடுங்குங்க."

"வாய மூடுடி. அவரு வாக்குக் குடுத்திருக்காரு. இனி நாங்க ரெண்டு பேரும் ஒரே சாதி."

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?

ஆனால் வீரனுக்குக் கொடுத்த வாக்கை மீற நான் ஈனப்பிறவி இல்லை. ஆகவே முதலில் பட்டத்தைப் பறிக்க வேண்டியிருந்தது. அதற்கும் முறை உண்டு: குதிரையைத் தட்ட குதிகாலில் கட்டும் முள்ளை வெட்டி எறிவார்கள். அவனுக்கு ஏது குதிமுள்? எனக்கு ரொட்டி எடுக்க அவன் குனிந்தபோது குதிகால்களையே வெட்டினேன். ஆயுதம் எடுத்தாயே என்று கேட்காதீர்கள், அது சடங்கு. பட்டம் பறிபோயிற்று என்று மூன்று முறை சொன்னேன். அலறலில் அவனுக்குக் கேட்டதோ என்னவோ. அதன் பிறகே நெஞ்சில் குத்தினேன். எர்மெலின் கவையோடு ஓடிவந்தாள், அவளையும் குத்தினேன்.

இரண்டு உயிர்களையும் எடுத்தது நான்தான். ஆனால் என் வாக்குமூலத்தில் சத்தியம் தவறியவன் என்று எழுதியிருக்கிறீர்களே சுவாமி, அந்த வரியை மட்டும் அடித்துவிடுங்கள்.