பூண்டு வண்டி தீப்பிடித்தது பற்றி மூக்கம்மா சொன்னது

பெயர் மூக்கம்மா, வயது 47 (ரேஷன் கார்டில் 52 என்று இருப்பது எழுதியவர் செய்த தவறு), கணவர் பெயர் வீரையா, கீழத்தெரு, பூண்டி கிராமம், கொடைக்கானல் தாலுகா. 25.06.2007 அன்று காவல் நிலையத்தில் ஆஜராகிச் சொல்வது என்னவென்றால்:

நான் மேற்படி விலாசத்தில் குடியிருந்து பூண்டு விவசாயம் செய்து வருகிறேன். இரண்டாம் வகுப்போடு சரி. எங்கள் தெரு தனசேகர் சொந்தமாகப் பிக்கப் வண்டி ஓட்டுகிறார், எனக்குக் கொழுந்தன் முறை. இந்த மாதம் முதல் வாரம் வண்டிக் கம்பெனியிலிருந்து அவருக்கு இங்கிலீஷில் கடிதம் வந்தது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து ஜென்சி டீச்சர் வாசித்துச் சொன்னார். மீட்டருக்குப் பின்னால் போகும் ஒயர் தகரத்தில் உரசித் தீப்பிடிக்கலாம் என்றும், திண்டுக்கல் பட்டறைக்கு வந்தால் இலவசமாக மாற்றித் தருவதாகவும் அதில் இருந்தது. பட்டறையில் 14ஆம் தேதி வியாழக்கிழமை வரச்சொன்னார்கள்.

வியாழக்கிழமை வடுகபட்டியில் பூண்டுச் சந்தை. அதனால் தனசேகர் முதல் நாளே என் வீட்டுக்கு வந்து, மூட்டையை வேறு வண்டியில் ஏற்றச் சொன்னார். அதற்கு நான், "ஓசியில மாத்துற ஒயரு ஒரு வாரத்துல ஓடியா போயிரும் கொழுந்தனாரே? சந்தையை முடிச்சுட்டுப் போய்யா" என்றேன். பக்கத்து வீட்டுச் சூசையம்மாளும் சேர்ந்து அவரைக் கேலி செய்தார். அவரும் சிரித்துக்கொண்டு சரி என்று போய்விட்டார்.

அதன் பிறகு 14ஆம் தேதி வெள்ளனே பதினோரு மூட்டை ஏற்றிக்கொண்டு, நானும் சூசையம்மாளும் முன் சீட்டில் உட்கார்ந்து புறப்பட்டோம். மன்னவனூர் தாண்டியதும் ஏதோ கருகுகிறதே என்று தனசேகர் இரண்டு தடவை கேட்டார். எங்கள் ஊரில் பூண்டைக் கட்டி அடுப்புக்கு மேல் தொங்கவிட்டுப் புகை போட்டுத்தான் வைப்போம். ஆகவே நான், "மூணு மாசம் பொகையில கெடந்த பூண்டு மல்லியப்பூவாய்யா மணக்கும்?" என்று சொல்லிச் சிரித்தேன். அவர் நிறுத்தாமல் ஓட்டினார்.

அதன் பிறகு பூம்பாறைக்கு முந்தின வளைவில் சூசையம்மாள் கால் சுடுகிறது என்றார். அதற்குள் மீட்டருக்குக் கீழிருந்து தீ வந்துவிட்டது. தனசேகர் வண்டியை மலைப்பக்கம் ஒதுக்கி நிறுத்தி, இறங்கி ஓடிவந்தார். எங்கள் பக்கத்துக் கதவு திறக்கவில்லை. இறக்கியிருந்த கண்ணாடி வழியே கையை உள்ளே விட்டு, சுட்ட கைப்பிடியைத் திருகித் திறந்து எங்கள் இருவரையும் வெளியே இழுத்துப் போட்டார். எனக்குப் புடவை முந்தி கருகியதோடு சரி. அவருக்கு வலது உள்ளங்கை வெந்துவிட்டது.

இந்தச் சேதி கேட்டு, 21ஆம் தேதி கம்பெனியிலிருந்து இரண்டு மெக்கானிக்குகள் பூண்டிக்கே ஏறிவந்து, எங்கள் ஊரில் இருக்கிற அதே மாதிரி மற்ற வண்டிகள் மூன்றுக்கும் மழையில் நனைந்துகொண்டு ஒயர் மாற்றிக் கொடுத்தார்கள். நல்லா இருக்கட்டும். மலைக்கு மேல் இப்படி ஆள் வந்து செய்வார்கள் என்று நான் நினைக்கவே இல்லை.

கடிதம் வந்தது தெரிந்தும் வண்டியை ஓட்டியதாகத் தனசேகர் மேல் வழக்குப் போட்டு லைசென்ஸை ரத்து செய்யப்போவதாகக் கேள்விப்பட்டு, நானாகவே வந்தேன். அவர் பட்டறைக்குப் போகத்தான் இருந்தார். போகவிடாமல் செய்தது நான். கருகுகிறது என்றவரைக் கேலி பேசி ஓட்டவைத்ததும் நான். நானும் சூசையம்மாளும் இன்றைக்குக் கஞ்சி குடிப்பது அவரால்தான்.

மேலே எழுதியதை ஏட்டையா எனக்கு வாசித்துக் காட்டினார். நான் தடுத்தேன் என்கிற வரி மட்டும் வேண்டாம், கோர்ட்டு கேஸு என்று அலைய நேரும் என்று கூட வந்த என் வீட்டுக்காரர் சொன்னார். அது இருக்கட்டும், அதைச் சொல்லத்தான் வந்தேன் என்று சொல்லிவிட்டேன். சொன்னது அத்தனையும் நடந்தது, யார் சொல்லியும் சொல்லவில்லை.

(ஒப்பம்) மூக்கம்மா