எட்டு வால்வு

— சங்கிலியை இன்னும் ஒரு இழுப்பு இழுத்து இறக்குங்க மச்சான். ரப்பர் மேல உக்காரப் போகுது.

— நிதானம் மாப்ளே, நிதானம். மூணு மாசமா உங்க ஷெட்டுல பிரிச்சுக் கிடந்த எஞ்சினு. ஜீப்புக்குள்ள ஒரே நிமிஷத்துல உக்காந்துடுமா? கை எங்க வெச்சிருக்கீங்க?

— எஞ்சின் காலுக்கும் ரப்பருக்கும் நடுவுல. ரப்பர் நழுவுது, விரலால பிடிச்சுக்கிட்டிருக்கேன். சொல்றதைக் கேளுங்க, ஒரு இழுப்பு போதும்.

— நாலு விரலுமா?

— நாலும்தான். ஏன்?

— சும்மா கேட்டேன். பாப்பா எப்படி விழுந்தா?

— எந்தப் பாப்பா?

— என் தங்கச்சி மாப்ளே. உங்க பொண்டாட்டி. காலையில வந்ததும் பார்த்தேன், இடது கையில மாவுக்கட்டு.

— அதான் அவளே சொன்னாளே. குளியலறையில சோப்புத் தண்ணி, வழுக்கிடுச்சு. முதல்ல இதை இறக்குங்க மச்சான், முதுகு வலிக்குது. எவ்வளவு நேரம் வண்டிக்கடியில படுத்துக்கிடக்கிறது.

— இறக்கறேன், இறக்கறேன். வழுக்கி விழறவ உள்ளங்கையை ஊணுவா. முழங்கை சிராயும். அவ மேல ஒரு சிராய்ப்பு இல்ல. தோளுக்குக் கீழ அஞ்சு விரல் கன்னிப்போய் பதிஞ்சிருக்கு. சோப்புக்கு விரல் முளைச்சுதா மாப்ளே?

— மச்சான், விரல்ல படுது. நிறுத்துங்க.

— நிறுத்திட்டேன். இந்தச் செயின் பிளாக்குல அதான் சௌகரியம். கையை விட்டாலும் எஞ்சின் அங்கயே நிக்கும், தானா இறங்காது. ஒரு பக்கத்துச் சங்கிலியை இழுத்தா ஏறும், மறுபக்கத்தை இழுத்தா இறங்கும். அரை இழுப்புக்கு ஒரு நகக்கனம் இறங்கும். இப்ப விரல் வெளிய வருமா?

— வரல. விளையாடாதீங்க மச்சான்.

— நான் லேத்துப் பட்டறைக்காரன். இரும்பை வெச்சு விளையாடறதில்ல. இந்த எஞ்சினுக்குச் சிலிண்டர் கடைஞ்சு கொடுத்தது நான். எவ்வளவு எடைன்னு எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். இப்ப சொல்லு.

— என்னத்தைச் சொல்ல? ஆ... மச்சான், நகம், நகம்.

— நகம்தானே. திரும்ப முளைக்கும். அடுத்தது எலும்பு. சொல்லுடா.

— நில்லுங்க, சொல்றேன். வால்வுங்க. எட்டு வால்வு. ஒவ்வொண்ணையும் அதது உக்கார்ற இடத்துலயே பேஸ்ட் போட்டுத் தேய்ச்சு, நியூஸ் பேப்பர்ல வரிசையா அடுக்கி வெச்சிருந்தேன். ரெண்டு ஞாயித்துக்கிழமை வேலை மச்சான். இவ தரை துடைக்கிறேன்னு வந்து, பேப்பரோட அள்ளி ஒரு டப்பாவுல கொட்டிட்டா. எந்த வால்வு எந்த இடத்துக்குன்னு இனிமே கடவுளுக்குத்தான் தெரியும். திரும்ப எட்டையும் தேய்க்க வேண்டியதாப் போச்சு. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிடுச்சு.

— ஏறி?

— கையைப் பிடிச்சேன்.

— பிடிச்சு? பூசி மெழுகாதே. இந்தா, இன்னும் அரை இழுப்பு.

— ஐயோ... முறுக்கினேன். பின்பக்கமா முறுக்கினேன். டக்குன்னு சத்தம் கேட்டுது. அப்புறம்தான் விட்டேன். போதுமா? தூக்குங்க மச்சான், கும்பிட்டுக் கேக்கறேன்.

— எந்தக் கையால கும்பிடுவே? அவளும் அன்னிக்குக் கெஞ்சியிருப்பா இல்ல?

— உடையும்னு நினைக்கல மச்சான், சத்தியமா நினைக்கல. டாக்டரே சொன்னாரு, அது பழைய முறிவாம். சின்ன வயசுல உடைஞ்சு கோணலா சேர்ந்த எலும்பாம். நல்ல கையா இருந்தா இந்த முறுக்குக்கெல்லாம் உடைஞ்சிருக்காதாம்.

— அப்போ தப்பு எலும்பு மேல. அப்படித்தானே? நாக்கு கூசல?

— சின்ன வயசுல எப்படி உடைஞ்சுதும்மான்னு டாக்டர் ரெண்டு தடவை கேட்டாரு. கட்டு எப்ப பிரிப்பீங்கன்னு பேச்சை மாத்திட்டா அவ.

— பதினோரு வயசுல மதில்லேர்ந்து விழுந்தா. அதுக்கும் இதுக்கும் என்ன? அப்பா போனப்புறம் அவளைத் தோள்ல தூக்கி வளர்த்தவன் நான். அவ மேல ஒரு தூசி விழ விட்டதில்ல. அப்படி வளர்த்தவளை, எட்டு இரும்புத் துண்டுக்காக...

— அம்மா... விரல் நசுங்குது. ரத்தம் முகத்துல சொட்டுது. மச்சான், விட்டுடுங்க.

— அண்ணா. என்ன சத்தம் இங்க?

— வா பாப்பா. கிட்ட வா, பயப்படாதே. இவன் வாயாலயே கக்க வெச்சுட்டேன். குளியலறையும் இல்ல, சோப்பும் இல்ல. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா நீ?

— அவர் கை எஞ்சினுக்கடியிலயா இருக்குண்ணா?

— கைமேல எஞ்சினை ஏத்தியிருக்கேன். இன்னும் ஒரு இழுப்பு, ஆயுசுக்கும் அந்தக் கையை எவ மேலயும் நீட்ட மாட்டான். இழுக்கவா? நீ சொல்லு.

— ஏய், சொல்லு அவர்கிட்ட. உன் காலைத் தொட்டுக் கும்பிடறேன். இனிமே உன் மேல கை வெச்சா நான் மனுஷனே இல்ல.

— போன மாசமும் இதையேதான் சொன்னீங்க. பத்தொன்பதாம் நம்பர் ஸ்பானர் கேட்டீங்க, நான் பதினேழை எடுத்துக் கொடுத்துட்டேன். அதாலயே முதுகுல போட்டீங்க. ராத்திரி முழுக்க எண்ணெய் தடவிக்கிட்டே சத்தியம் பண்ணீங்க.

— கேட்டியாடா? ஸ்பானராலயா? இந்தா வாங்கிக்கோ.

— ஐயோ... ஐயோ, விரலே போச்சு. கொல்லாதீங்க மச்சான்.

— போதும்ணா. தூக்கு.

— இவனுக்கா இரக்கப்படறே?

— தூக்குண்ணா. நான் சொல்றேன் இல்ல.

— சரி, உனக்காக. ஆனா ஒண்டி ஆளால முடியாது. தூக்கின உடனே எஞ்சின் இவன் பக்கமாச் சாயும், மிச்ச கையையும் சேர்த்து அரைச்சுடும். அடியில போய் ஒருத்தர் முட்டுக் கொடுக்கணும். நான் போறேன், நீ சங்கிலியைப் பிடி. உன் நல்ல கை ஒண்ணு போதும், சுலபமா வரும்.

— எதை இழுக்கணும்?

— வலது பக்கம் தொங்கறது ஏத்தறதுக்கு. இடது பக்கத்தைத் தொடவே தொடாதே, அது இறக்கும்.

— வலது ஏறும். இடது இறங்கும்.

— அதேதான். நகர்டா, இடம் கொடு. உன்னைக் காப்பாத்த நான் உன் பக்கத்துலயே படுக்கணும், என் தலையெழுத்து. இந்தா, கையைக் கொடுத்துட்டேன் பாப்பா.

— ரெண்டு கையுமாண்ணா?

— ரெண்டும். இழு. ஆ... இறங்குது, இறங்குது. பாப்பா, என் கையும் மாட்டிக்கிச்சு. அது இல்லம்மா, வலது பக்கம், வலது பக்கம்.

— அண்ணா, நீ ஒருநாள் வாசல்ல சைக்கிள் சக்கரத்தைப் பிரிச்சுப் போட்டிருந்தே. ஞாபகம் இருக்கா?

— என்ன பேசறே நீ? முதல்ல தூக்கு.

— பால்ரஸ் குண்டெல்லாம் ஒரு மூடியில மண்ணெண்ணெயில போட்டு எண்ணி வெச்சிருந்தே, பதினெட்டு. எனக்குத் தெரியாது, அழுக்குத் தண்ணின்னு நினைச்சு சாக்கடையில ஊத்திட்டேன். முழங்கை வரைக்கும் விட்டுத் தேடினேன். பதினேழுதான் கிடைச்சுது.

— பாப்பா, எனக்கே அப்ப பதினஞ்சு வயசு. அறியாத வயசும்மா அது.

— என்ன மச்சான் இது? மதில்லேர்ந்து விழுந்தான்னு சொன்னீங்க?

— நீ வாயை மூடு. பாப்பா, கை போயிடும். இந்தக் கைதான் எனக்குச் சோறு. சொன்னாக் கேளு.

— ஒரே ஒரு குண்டுதாண்ணா குறைஞ்சுது. நீயும் இதே கையைத்தான், இதே மாதிரி பின்பக்கமாத்தான். டக்குன்னு கேட்டப்புறம்தான் நீயும் விட்டே. என்னைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினே, வழி முழுக்க என் காதுல சொல்லிக்கிட்டே வந்தே. மதில்லேர்ந்து விழுந்தேன்னு சொல்லு, அம்மா கேட்டாலும் மதில்னு சொல்லுன்னு. அதுலேர்ந்து எனக்கு எல்லாமே சரளமா வருது. மதில், மாடிப்படி, குளியலறை.

— தப்புதாம்மா. என் தங்கம் இல்ல, மன்னிச்சுடு. அந்தச் சங்கிலியை விடு, அது இறக்கறது.

— ஏய், நான் சொல்றதைக் கேளு, அது இடது பக்கம். இடது பக்கம்.

— தெரியுதுங்க. நிதானம், நிதானமாத்தான் பிடிச்சிருக்கேன். ஆஸ்பத்திரியில கேப்பாங்க. ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லுங்க, வழுக்கிடுச்சுன்னு.