உரிய வழியில் வராத கடிதம்

தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் வழக்கறிஞர் அம்மா அவர்களே, முன்வரிசையில் இருக்கும் முத்திரையம்மாவின் தங்கை அவர்களே, நாற்காலி போதாமல் சுவரோரம் நிற்கும் பெரியவர்களே, என்னோடு வந்திருக்கும் விடுதித் தோழியரே, எல்லோருக்கும் வணக்கம்.

இந்த இரங்கல் கூட்டம் திருச்சபை மண்டபத்தில் நடந்திருக்க வேண்டும். முப்பத்தொரு ஆண்டுகள் பேராயர் அலுவலகத்தில் வேலை பார்த்தவருக்கு இரண்டு மணி நேரம் மண்டபம் கேட்டோம். வெள்ளையடிக்கிறோம் என்று பதில் வந்தது. நேற்று மாலையும் அந்த வழியாகத்தான் நடந்து வந்தேன். சுண்ணாம்பு வாளி ஒன்றையும் காணவில்லை. அதனால்தான் இந்தத் தையல் பள்ளியில், இயந்திரங்களை ஓரமாக நகர்த்திவிட்டுக் கூடியிருக்கிறோம். கிழிந்ததைத் தைக்கிற இடம். பொருத்தமில்லை என்று சொல்ல முடியாது.

இங்கே பேச நான்கு பேர் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூவருக்கு ஒரே நாளில் உடம்பு சரியில்லாமல் போய்விட்டது. ஆகவே விடுதி மாணவிகள் அறுபத்துநான்கு பேர் சார்பில், பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் நான் பேசுகிறேன். முத்திரையம்மாவோடு நான் அதிகம் பழகியவள் அல்ல. பலரிடமும் விசாரித்து எழுதி வைத்ததையே வாசிக்கிறேன். தவறு இருந்தால் கூட்டம் முடிந்ததும் திருத்துங்கள். அவர் இருந்தால் அதைத்தான் முதலில் செய்திருப்பார்.

யார் இந்த முத்திரையம்மா? பேராயர் அலுவலகத்தின் தட்டச்சர். மாடிப்படிக்குக் கீழே அவருடைய மேசை. மேசைமேல் ஒரு மரப்பெட்டி. அதற்குள் ஐந்து ரப்பர் முத்திரைகள். 'பெறப்பட்டது', 'அவசரம்', 'நகல்', 'கோப்பில் வைக்க' என்பவை நான்கு. ஐந்தாவதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஊதா மை அவருடைய வலது கட்டைவிரலில் ஊறிப் போயிருந்தது. அலுவலகத்தின் ஓட்டுநர் அண்ணன் சொன்னார்: "ஆராதனைக்குக்கூட அம்மா அஞ்சு நிமிஷம் லேட்டா வருவாங்க. முத்திரை மட்டும் ஒரு நூல் சாயாது."

ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றுக்கான சான்றிதழ்களையும் அவர்தான் எழுதுவார். அச்சடித்த படிவத்தின் கோடுகள் தட்டச்சு இயந்திரத்துக்குப் பொருந்தாததால் அத்தனையும் கையெழுத்து. தேதியை எண்ணால் எழுத மாட்டார். எழுத்தால் எழுதி, அடியில் இரட்டைக் கோடு போடுவார். எதற்கு இரண்டு கோடு என்று ஒரு மாப்பிள்ளை கேட்டாராம். "ஒரு கோடுன்னா கை தவறி விழுந்ததுன்னு சொல்லிடலாம். ரெண்டுன்னா தெரிஞ்சே போட்டது" என்று பதில் சொன்னாராம். இந்த இரட்டைக் கோட்டை மறந்துவிடாதீர்கள்.

இனி அந்த ஐந்தாவது முத்திரை. அதில் 'உரிய வழியாக அனுப்புக' என்று இருக்கும். பேராயர் அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. சபை உறுப்பினர் எழுதினால் போதகர் வழியாக எழுத வேண்டும். ஆசிரியர் எழுதினால் தலைமையாசிரியர் வழியாக. விடுதி மாணவி எழுதினால் விடுதித் தலைவர் வழியாக. நேரே வந்த கடிதத்தைப் பிரித்து, பதிவேட்டில் ஏற்றி, இந்த முத்திரையைக் குத்தி, உரியவருக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். முப்பத்தொரு ஆண்டுகளில் எத்தனை கடிதங்கள் அப்படித் திரும்பியிருக்கும்? அவருக்கே கணக்குத் தெரியாது. ஒன்று மட்டும் தெரியும்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் எங்கள் விடுதியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் பத்தாம் வகுப்பு மாணவி. இன்று செவிலியாக இருக்கும் அந்த அக்காவின் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். விடுதித் தலைவராக இருந்த போதகர், தனி ஜெபம் என்று சொல்லி மாணவிகளைத் தம் அறைக்கு அழைத்துத் தவறாக நடந்துகொள்கிறார் என்று அதில் எழுதியிருந்தது. கோடு போட்ட நோட்டுத் தாளில் ஒன்றரைப் பக்கம். அன்று மேசையில் நாற்பது கடிதங்கள். முத்திரையம்மா முதல் வரியில் 'விடுதி மாணவி' என்பதைப் பார்த்தார். மிச்சத்தைப் படிக்கவில்லை. பதிவேட்டில் ஏற்றினார். தேதியை எழுதி இரட்டைக் கோடு போட்டார். முத்திரை குத்தினார். உரியவருக்கு அனுப்பினார்.

உரியவர் யார்? அந்தப் போதகர்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஓட்டுநர் அண்ணன் ஒரு பிள்ளையைத் தகரப்பெட்டியோடு பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டு வந்தார். ஒழுக்கம் சரியில்லை என்று விடுதியை விட்டு அனுப்பிவிட்டார்கள் என்றார். எந்தப் பிள்ளை என்று முத்திரையம்மா கேட்டார். "என்னமோ கடுதாசி எழுதின பிள்ளையாம்மா" என்றார் அண்ணன். முத்திரையம்மா உடனே பதிவேட்டைத் திறந்து பார்த்தாராம். பார்த்துவிட்டு, மூடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாராம்.

அன்றே அவர் எழுந்து நின்றாரா? இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். நான்கு ஆண்டுகள் எதுவும் செய்யவில்லை. வேலைக்குப் பயந்தேன் என்று பிற்பாடு காவல் நிலைய வாக்குமூலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். வாக்குமூலம் எழுதிய காவலர், அந்த வரி வேண்டாமே அம்மா என்றாராம். வேண்டும் என்று எழுத வைத்திருக்கிறார்.

நான்காம் ஆண்டின் முடிவில் அந்த மாணவியைத் தேடிக்கொண்டு போனார். அவர் ஒரு மருத்துவமனையில் செவிலிப் பயிற்சியில் இருந்தார். நோயாளிகளைப் பார்க்கும் நேரத்தில், பழம் வாங்கி வந்தவர்களோடு வரிசையில் நின்று முத்திரையம்மா உள்ளே போனார். போர்வை மடித்துக்கொண்டிருந்த அக்காவிடம் தாம் யார் என்று சொன்னார். அக்கா கையிலிருந்த போர்வையை மடித்து முடித்தாராம். பிறகு, "நீங்க முத்திரை மட்டுந்தானே குத்தினீங்க?" என்று கேட்டாராம்.

"ஆமாம்மா. அதைத்தான் சொல்ல வந்தேன். முத்திரை குத்தினேன்."

போர்வையின் மறு முனையைப் பிடித்துக்கொண்டு முத்திரையம்மாவும் மடித்தாராம். அப்படி இருபது போர்வைகள்.

அந்த ஆண்டே அவர் பேராயருக்குப் புகார் எழுதினார். செவிலி அக்காவும், அவர் வழியாகக் கிடைத்த, பாதிக்கப்பட்ட வேறு இருவரும் அதில் கையெழுத்திட்டார்கள். மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு அமைந்தது. அதில் ஒருவர் அந்தப் போதகரின் சகலை. இன்னொருவர், அறிக்கை கொடுத்த மூன்றாம் மாதம் சபையின் பள்ளிகளுக்குத் தாளாளர் ஆனார். புகாரில் ஆதாரம் இல்லை என்றது அறிக்கை. அந்தப் பதிலைத் தட்டச்சு செய்ய வேண்டியவர் யார்? அலுவலகத்தில் இருந்தது ஒரே தட்டச்சர். தம் புகாருக்கான மறுப்பைத் தாமே அடித்தார். நடுவில் ஒரு வாக்கியம் முடியாமல் தொங்கியதாம். செயலரிடம் கேட்டு அதையும் முடித்தார். 'நகல்' முத்திரை குத்தித் தம் பிரதியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். வீட்டில் தங்கை சத்தம் போட்டிருக்கிறார். அவர் அனுமதித்ததால் சொல்கிறேன். "உனக்குப் பிள்ளையா குட்டியா? உனக்கு எதுக்குக்கா இந்த வம்பு?" முத்திரையம்மா சொன்ன பதில், "பெத்திருந்தா அந்த முதல் வரியோட நிறுத்தியிருக்க மாட்டேன்."

மூன்று ஆண்டுகள் கழித்து, அதே போதகர் அடுத்த பேராயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

பதவியேற்பு ஆராதனை பற்றி உங்களில் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தொள்ளாயிரம் பேர் இருந்தீர்கள். அந்த ஆராதனையில் ஒரு கேள்வி உண்டு. பதவி ஏற்பவரை முன்னே நிறுத்தி, இவரை ஏற்கத் தடை ஏதாவது அறிந்தவர் இருந்தால் இப்போதே சொல்லலாம் என்று தலைமைப் பேராயர் சபையைப் பார்த்துக் கேட்பார். புத்தகத்தில் அந்தக் கேள்விக்குப் பின் ஒரு வரி இடைவெளி விட்டிருக்கும். அந்த இடைவெளியில் பாடகர் குழு தொண்டையைச் சரிசெய்துகொள்ளும். யாராவது பதில் சொல்வார்கள் என்று யாரும் அதைக் கேட்பதில்லை.

நான்காவது வரிசையில் முத்திரையம்மா எழுந்து நின்றார்.

தலைமைப் பேராயர், "உட்காருங்கம்மா, அப்புறம் பேசிக்கலாம்" என்றார்.

"கேள்வி இப்பதானே ஐயா கேட்டீங்க?" என்றார் முத்திரையம்மா.

பிறகு சொல்லத் தொடங்கினார். கடிதம் வந்த தேதி, அதைத் தாம் திருப்பி அனுப்பிய தேதி, மாணவி வெளியேற்றப்பட்ட தேதி. யாரோ பதறிப்போய் ஒலிபெருக்கியை அணைக்க ஓடினார்கள். ஆனால் அவர் ஒலிபெருக்கியில் பேசவில்லையே! அவசரத்தில் மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டார்கள். மின்விசிறிகள் நின்றன. ஆர்கன் நின்றது. அதுவரை ஐந்தாவது வரிசைக்கு மேல் கேட்காத குரல் கடைசி வரிசைவரை கேட்டது. ஓட்டுநர் அண்ணன் வாசல் கதவருகே நின்றிருந்தார். ஒரு வார்த்தை விடாமல் தமக்குக் கேட்டது என்கிறார்.

பதவியேற்பு நின்றது. வழக்குப் பதிவானது. முத்திரையம்மாவின் வேலை அந்த வாரமே போயிற்று. கோயிலைக் காட்டிக்கொடுத்தவள் என்றார்கள். குடும்ப மானத்தைச் சந்தையில் வைத்தவள் என்றார்கள். திருச்சபையை அவமானப்படுத்தியது எது? பேச்சா, பேசப்பட்ட செயலா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களை விட்டுவிட்டு, இலையைக் காட்டியவரைத் திட்டுவது என்ன நியாயம்? அவர் யாரோடும் வாதாடவில்லை. ஞாயிறுதோறும் அதே நான்காவது வரிசைக்குப் போனார். பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அக்கா, கஷ்டமாக இல்லையா என்று தங்கை கேட்டபோது, "பையை வைக்க இடம் கிடைக்குது" என்றாராம்.

எங்கள் விடுதியில் இன்று ஒரு பூட்டிய பெட்டி இருக்கிறது. சாவி வெளியே ஒரு பெண் மருத்துவரிடம் இருக்கிறது. சனிக்கிழமைதோறும் அவர் வந்து திறக்கிறார். நாங்கள் யார் வழியாகவும் எழுத வேண்டியதில்லை. உரிய வழி என்பது கதவுக்கு எதிரே, கைக்கெட்டும் உயரத்தில் இருக்கிறது. சென்ற ஆண்டு அந்தப் பெட்டியில் விழுந்தவை பெரும்பாலும் குளியலறைக் குழாய் பற்றிய புகார்கள். அப்படி இருப்பதற்குத்தான் ஒருவர் வேலையை இழந்தார்.

இப்போது எஞ்சியிருப்பதைச் சொல்கிறேன். அடுத்த மாதம் பதினான்காம் தேதி நீதிமன்றத்தில் முத்திரையம்மாவின் சாட்சி நாள். பதினோரு ஆண்டுகளுக்கு முன் அந்தக் கடிதம் வந்தது என்பதற்கும், அது போதகரின் கைக்குப் போனது என்பதற்கும் பதிவேட்டின் ஒரு பக்கம்தான் ஆதாரம். அந்த வரி பிற்பாடு யாரோ எழுதிச் சேர்த்தது என்கிறது எதிர்த்தரப்பு. இது என் கையெழுத்து என்று கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டியவர் ஒன்பது நாட்களுக்கு முன், காலையில் காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது மாரடைப்பில் இறந்துவிட்டார். அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொல்ல இப்போது செவிலி அக்கா ஒருவர்தான் நிற்கிறார்.

வழக்கறிஞர் அம்மாவிடம் கேட்டேன். அந்தக் கையெழுத்தை நன்கு அறிந்தவர்கள் வந்து, இது அவருடையதுதான் என்று சொல்லலாம், அந்தக் காலத்தில் அவர் எழுதிய வேறு தாள்களையும் காட்டலாம் என்றார். அப்படிப்பட்ட தாள் யாரிடம் இருக்கும்?

பெரியோர்களே, உங்கள் எல்லோரிடமும் இருக்கிறது. உங்கள் வீட்டு அலமாரியில், துணிக்கு அடியில், பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. உங்கள் பிள்ளையின் ஞானஸ்நானச் சான்றிதழில் இருக்கிறது. உங்கள் திருமணச் சான்றிதழில் இருக்கிறது. தேதி எழுத்தால் எழுதியிருக்கும். அடியில் இரட்டைக் கோடு இருக்கும். நம் வீட்டு நல்லது கெட்டது எல்லாவற்றிலும் அவர் கையெழுத்து இருக்கிறது. அது யாருடையது என்று தெரியாது என நம்மில் யார் சொல்ல முடியும்?

அவரோடு வேலை பார்த்த ஓட்டுநர் அண்ணன் இன்னும் அதே அலுவலகத்தில்தான் சம்பளம் வாங்குகிறார். பேச ஒப்புக்கொண்ட நால்வரில் உடம்புக்கு ஒன்றும் ஆகாதவர் அவர்தான். தமக்கு மேடைப் பேச்சு வராது என்று சொல்லி, தம் நேரத்தை எனக்குக் கொடுத்துவிட்டு, வாசலருகே உள்ள மேசைக்குப் போய், சாட்சி சொல்ல வருவோர் பட்டியலில் முதல் கையெழுத்தைப் போட்டார். இரண்டாவது கையெழுத்து முத்திரையம்மாவின் தங்கையுடையது. மூன்றாவது வரி காலியாக இருக்கிறது. பக்கத்தில் பேனா இருக்கிறது.

விடுதி மாணவிகளாகிய நாங்கள் எங்களால் ஆனதைச் சொல்கிறோம். அந்தப் பெட்டியின் சாவி வெளியில்தான் இருக்கும். அதை உள்ளே கொடுக்கும்படி கேட்டு யார் வந்தாலும் கொடுக்க விட மாட்டோம். எங்களுக்கு வருகிற எந்தக் கடிதத்தையும் முதல் வரியோடு நிறுத்த மாட்டோம்.

நிகழ்ச்சி நிரலில் அடுத்து இரண்டு நிமிட மௌனம் என்று போட்டிருக்கிறார்கள். தலைவர் ஐயா மன்னிக்க வேண்டும். முத்திரையம்மாவுக்கு ஏற்கெனவே நிறைய மௌனம் கிடைத்துவிட்டது. அந்த இரண்டு நிமிடங்களை எனக்குக் கொடுங்கள். அன்று தலைமைப் பேராயர் கேட்டதை நான் திரும்பக் கேட்கிறேன். அறிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று யாரும் உட்கார்ந்திருக்க வேண்டாம். கேள்வி இப்போதுதான் கேட்கப்பட்டிருக்கிறது.