இரண்டு விரல் தள்ளி

மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைக்கும்போது லென்ஸ் மேலே பார்த்தபடி இருக்க வேண்டும், ஐயா. நீங்கள் கவிழ்த்து வைக்கிறீர்கள். கீறல் விழும். விசாரிக்க வந்த அதிகாரியிடம் பேசும் முதல் பேச்சா இது என்று நினைக்காதீர்கள். நாற்பத்தொரு வருடமாக லென்ஸ் தேய்க்கிறவன் நான். வாயில் தானாக வந்துவிடுகிறது.

உங்கள் அறிக்கையின் நகலை நேற்று என் தங்கை கொண்டுவந்து காட்டினாள். மில்லில் நடந்த விபத்துக்குக் காரணம், தொழிலாளியின் கவனக்குறைவு. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் உங்களை வரச்சொன்னேன். நாளை நீங்கள் கையெழுத்துப் போடுவதற்குள் அதை அடித்துவிட வேண்டும். அந்தச் சொல் இருக்கிற வரைக்கும் முதலாளி என் மாப்பிள்ளையை ரம்பத்தின் பக்கம் விடமாட்டார். மரத்தூளைக் கூட்டி அள்ளச் சொல்வார். மாப்பிள்ளைக்கு அது விரல் போனதைவிடப் பெரிய அவமானம்.

மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். மில்லில் அவருக்குப் பெயர் 'கோடு'. முப்பத்தொரு வருடமாக வட்ட ரம்பத்தில் பலகை அறுக்கிறார். மற்றவர்கள் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு கோணலாக அறுப்பார்கள். இவர் கோடே போடாமல் அறுத்தால் கோடு போட்டதுபோல வரும். அந்தக் கையைப் பார்த்துக் கவனக்குறைவு என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது என்று தெரியவில்லை. அந்தக் கையை என்னைவிட நெருக்கமாகக் கவனித்தவர் யாரும் இல்லை. இருபத்திரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் அது என்னைக் கேரமில் தோற்கடித்துக்கொண்டிருந்தது.

பலகை அவருடையது, காய் அவருடையது, வீடும் அவருடையது. பவுடர் மட்டும் நான் வாங்கிக்கொண்டு போவேன்.

"காயெல்லாம் எனக்கு, பவுடர் மட்டும் உங்களுக்கு. சரியான பங்குதானே மச்சான்?" என்பார்.

என் தங்கை அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்ப்பாள். "தோக்குறதுக்குன்னே ரெண்டு தெரு நடந்து வர்றீங்களே அண்ணா, கால் வலிக்கலையா?"

நானும் சிரிப்பேன். எனக்குக் கோபம் வராது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பார்வை என்பது கண்ணில் இருக்கிறது என்று எல்லாரும் நம்புகிறார்கள். கண்ணாடிக் கடைகள் நடப்பதே அந்த நம்பிக்கையில்தான். எனக்கு அதில் சந்தேகம் வந்தது. லென்ஸின் ஒரு ஓரத்தைத் தடிமனாகவும் மறு ஓரத்தை மெலிதாகவும் தேய்த்தால், எழுத்து தெளிவாகவே தெரியும். ஆனால் உலகம் மொத்தமும் ஒரு பக்கம் நகர்ந்து உட்கார்ந்துவிடும். அப்படி ஒன்று செய்து முதலில் நானே போட்டுக்கொண்டேன். கையைக் கட்டிக்கொண்டு மூன்று நாள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். நகர்ந்த உலகம் நகர்ந்தபடியே இருந்தது. என் மனைவி அந்த மூன்று நாளில் என்னிடம் எந்த வித்தியாசத்தையும் காணவில்லை. நாலாம் நாள் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினேன். அப்போதுதான் பயந்துபோய் டாக்டரைக் கூப்பிடட்டுமா என்றாள்.

அந்த அரை மணி நேரத்தில் இரண்டு தட்டு உடைந்தது. ஆனால் மூன்றாவது தட்டைக் கை பிடித்துவிட்டது. பத்தாவது தட்டுக்குள் உலகம் நேராகிவிட்டது. கண் தானாகக் கற்றுக்கொள்வதில்லை, ஐயா. கை போய்த் தொட்டு, தவறி, திரும்பத் தொட்டு, கண்ணுக்குப் பாடம் சொல்லித்தருகிறது. அது எனக்குப் பெரிய வியப்பாக இருந்தது. யாரிடமாவது காட்ட வேண்டும்போல இருந்தது.

மாப்பிள்ளைக்குக் கண்ணாடி மாற்றுகிற சமயம் வந்தது. இரண்டு விரல் அளவு தள்ளித் தெரியும்படி தேய்த்துக் கொடுத்தேன். வலப்பக்கம். கேரமுக்கு எந்தப் பக்கமாக இருந்தாலும் ஒன்றுதான்.

நான் அக்கறை இல்லாதவன் என்று யாரும் சொல்ல முடியாது. ரம்பத்துக்குப் பல் தீட்டவும் எண்ணெய் போடவும் மில்லை மூன்று நாள் மூடியிருந்தபோதுதான் அதைக் கொடுத்தேன். முதல் நாள் அவர் தேநீரைக் குவளைக்குப் பக்கத்தில் ஊற்றினார். சாவியைச் சுவரில் குத்தினார். தெருவில் எதிரே வந்த தபால்காரரிடம் கையை நீட்டி, அவர் தோள்பையைப் பிடித்து மரியாதையாகக் குலுக்கினார். தபால்காரரும் பண்பானவர், பையைக் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தாராம். அன்று மாலை கேரமில் நான் ஜெயித்தேன். இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறை.

"அதிர்ஷ்டம் மச்சான். ஒருநாள் உங்க வீட்டுக் கதவையும் தட்டணும்ல," என்றார்.

மூன்றாம் நாள் மாலை அந்தக் கை உலகத்தைத் திரும்ப நேராக்கிக்கொண்டுவிட்டது. கைமாறாமல் ஏழு காயைப் போட்டு, சிவப்பையும் அதைத் தொடர்ந்து ஒரு காயையும் போட்டார். பிறகு கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "பவுடர் நல்லா இருந்துச்சு மச்சான்," என்றார்.

அங்கே தோற்றது நான் அல்ல, என் லென்ஸ். அதனால் இதை ஒரு தொழில்முறைப் பிரச்சினையாகத்தான் எடுத்துக்கொண்டேன். கோணல் கண்ணோடு நேராக நடக்கக் கற்றுக்கொண்ட கையிடம், ஒருநாள் திடீரென்று நேரான கண்ணைக் கொடுத்தால் என்ன செய்யும்? அதுவரை வலப்பக்கம் தெரிந்ததை இடப்பக்கம் தள்ளிப் பிடித்த கை, பழக்கத்தில் அப்போதும் இடப்பக்கம்தான் போகும். இதைக் கேரம் பலகையிலேயே சோதித்துப் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அது எனக்குத் தோன்றவில்லை. ஒரு மனிதனுக்கு எல்லாமே தோன்றுமா?

ஆறு வாரம் பொறுத்தேன். அந்த ஆறு வாரமும் அவர் அந்தக் கோணல் கண்ணாடியோடுதான் பலகை அறுத்தார். ஒரு பலகைகூட வீணாகவில்லை. கோடு கோடாகவே இருந்தது. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மில்லுக்கு நடந்துபோனேன். பலகை ஏற்கெனவே மேசைமேல் கிடந்தது. அவருடைய வலது கைக்கு இடப்பக்கம் ரம்பம் சுற்றிக்கொண்டிருந்தது.

"என்ன மச்சான் இங்க? வழி தவறிட்டீங்களா?"

"கண்ணாடித் திருகு ஆடுதுன்னு தங்கச்சி சொன்னா மாப்ளே. வேற ஒண்ணு கொண்டுவந்திருக்கேன். அதே நம்பர்தான். இதைப் போட்டுக்கிட்டு அதைக் குடுங்க."

"இதுக்கா இவ்ளோ தூரம் நடந்தீங்க? சாயங்காலம் நானே வந்து வாங்கிக்க மாட்டேனா?"

"நடந்தா உடம்புக்கு நல்லதுப்பா."

அவர் மாலையில் கடைக்கு வந்து வாங்கியிருந்தால் சரிவராது. கதவுப்பிடி, பேருந்துக் கம்பி, தண்ணீர்க் குவளை என்று வழியெல்லாம் தொட்டுத் தொட்டு வீட்டுக்குப் போவதற்குள் கை பழையபடி கற்றுக்கொண்டுவிடும். முதல் முறை நீட்டுவதே அங்கே நீட்டுவதாக இருக்க வேண்டும். அவர் நான் கொடுத்ததைப் போட்டுக்கொண்டார். கண்ணை இரண்டு முறை சிமிட்டினார். "நல்லா பளிச்சுன்னு இருக்கு மச்சான். இருங்க, இந்த ஒரு பலகைய முடிச்சிட்டுச் சேர்ந்து டீ குடிக்கலாம்," என்றார்.

நான் இருக்கவில்லை. வாசல் கேட்டைத் தாண்டும்போது ரம்பத்தின் சத்தம் மாறியது. பிறகு நின்றது.

ஆள்காட்டி விரலும் நடுவிரலும். கேரம் அடிக்கிற விரல்கள். இரண்டு விரல் தள்ளித் தேய்த்தேன், இரண்டு விரல்தான் போனது. என் வேலையில் சேதாரம் கிடையாது, ஐயா.

அவர் முகத்தில் இருந்த கண்ணாடியை நீங்கள் எடுத்துக்கொண்டுபோய் இரண்டு இடத்தில் சோதித்தீர்கள். குறையே இல்லாத கண்ணாடி என்று எழுதிக் கொடுத்தார்கள். எழுதியவர்களுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். கோணல் ஜோடியை அன்று மாலையே தேய்க்கிற கல்லில் வைத்து மாவாக்கிவிட்டேன். நான் இப்போது சொன்னதை நீங்கள் எங்கே போய்ச் சொன்னாலும், ஒரு கிழவன் கதை விட்டான் என்பார்கள். என்னைப் பற்றி இந்தத் தெருவில் அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே என்னைப் பற்றி எதையும் எழுதச் சொல்லி நான் கேட்கவில்லை. கவனக்குறைவை அடித்துவிட்டு, காரணம் தெரியவில்லை என்று போடுங்கள். அது போதும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து அவர் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "என் கையே என்னை ஏமாத்திடுச்சு மச்சான்," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. அந்தக் கை யாரையும் ஏமாற்றவில்லை. கற்றதைப் பிசகாமல் செய்தது. உலகத்தில் அதைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சி நான். சொல்லிவிட்டேன். எனக்கு இதில் வெட்கம் ஒன்றும் இல்லை. பொறாமை என்று என் மனைவி சந்தேகப்படுகிறாள். இருபத்திரண்டு வருடம் தோற்றவனுக்குப் பொறாமைப்பட நேரம் ஏது?

புண் ஆறிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை சும்மா பொழுதுபோகட்டும் என்று பலகையை எடுத்து வைத்தோம். இடது கையால் ஆடினார். முதல் ஆட்டத்தில் தடுமாறினார். நாலாவது ஆட்டத்தில் என்னைத் தோற்கடித்தார்.

"பவுடர் கொண்டுவர்றதை நிறுத்திடாதீங்க மச்சான்," என்றார். ஆறு வாரத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார். என் தங்கை சந்தோஷத்தில் அழுதாள். நானும் சிரித்தேன்.

உங்கள் அறிக்கையில் அந்தச் சொல் மட்டும் இல்லாவிட்டால் வருகிற திங்கட்கிழமையே ரம்பத்தில் நிற்கலாம் என்று முதலாளி சொல்லியிருக்கிறாராம். வலது கையில் மிச்சமிருக்கும் விரல்கள் பலகையைத் தாங்கிக்கொள்ளும், தள்ளுகிற வேலையை இடது கை பார்த்துக்கொள்ளும் என்கிறார் மாப்பிள்ளை. முடியும். அந்தக் கையால் எதுவும் முடியும்.

ரத்தம் பட்ட கண்ணாடியை இனிப் போடமாட்டேன், புதிதாக ஒன்று செய்துகொடுங்கள் என்று என்னிடம்தான் கேட்டார். வேறு யாரிடம் கேட்பார்? நேற்றே தேய்த்து முடித்துவிட்டேன். அந்த இழுப்பறையில்தான் இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துப் பாருங்கள். எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரியும்.

இந்த முறை இடப்பக்கம். கேரமுக்கு எந்தப் பக்கமாக இருந்தாலும் ஒன்றுதான்.