வெறும் வயித்துல

கொஞ்சம் இருங்க சிஸ்டர், டிராலிய தள்ளாதீங்க. ஃபிரடி என் துப்பட்டாவ புடிச்சிக்கினு இருக்கான் பாருங்க, விடமாட்டான். பயமா? அவனுக்கா? அஞ்சு வயசு, அவனுக்கு இன்னா தெரியும். ஆப்பரேஷன் முடிஞ்சா ஐஸ்கிரீம்னு டாக்டர் சொன்னதுலருந்து எப்போ எப்போன்னு என் உயிர எடுக்கறான். பயம் எனக்குத்தான்.

இல்ல, எடுத்தவுடனே ஆப்பரேஷன்னு வந்துடல. மாசக்கணக்கா மூக்குல ஸ்ப்ரே அடிச்சோம். கேக்கல. எக்ஸ்ரேல டாக்டர் காட்னாரு, மூக்குக்குப் பின்னால, தொண்டைக்கு மேல, அடினாய்டு சதை காத்து போற வழியவே அடச்சிக்கினு இருக்குது. சில புள்ளைங்களுக்கு வளர வளர தானா சுருங்கிடுமாம். இவனுக்கு அதுவரைக்கும் விட்டுவைக்க முடியாதுன்னுட்டாரு. தூங்கறப்ப மூச்சு நிக்குதே.

ஆமா சிஸ்டர், நிக்குது. வாயத் தொறந்து கொறட்ட விட்டுக்கினே இருப்பான், திடீர்னு சத்தமே இருக்காது. நெஞ்சு மட்டும் உள்ள இழுக்கும். நான் மூக்குகிட்ட வெரல வெச்சிக்கினு உக்காந்திருப்பேன். அப்புறம் ஒடம்ப ஒரு உலுக்கு உலுக்கிட்டு மூச்சு விடுவான். அதுவரைக்கும் எனக்கும் மூச்சு வராது. இவங்கப்பா சாம்ராஜுக்கு ஒரகடத்துல கம்பெனி, எப்பவும் நைட் ஷிஃப்ட். பகல்ல பாத்தா புள்ள ஓடி ஆடிக்கினு இருப்பான், அவருக்கு எப்படித் தெரியும்? உனக்கு வேற வேலையே இல்லியா பெனிட்டான்னு சிரிப்பாரு. மூக்கடச்சி இவன் அம்மான்னு கூப்ட்டா அப்பான்னுதான் கேக்கும். பாத்தியா, எம்புள்ள என்னத்தான் தேடறான்னு அதுக்கும் ஒரு ஜோக்கு. நானும் சிரிச்சேன். சிரிச்சிட்டு உள்ள போய்... சரி, அத விடுங்க.

டிராலிய விடறேன் சிஸ்டர், விடறேன். ஒண்ணே ஒண்ணு. பக்கத்துக் கட்டில் பாப்பா தண்ணி தண்ணின்னு அழுவுதே, ஏன் ஒரு வாய் கூட குடுக்க விடல நீங்க?

ஓ. மயக்கம் குடுத்தா வயித்துல இருக்கறது மேல வந்து நொரையீரலுக்குள்ள போய்டுமா? உயிருக்கே...

ஒண்ணுமில்ல. அவனுக்குப் போர்வைய இழுத்து விடறேன். ஏசி ஜாஸ்தி இங்க.

இல்லியே, டிபன் எதுவும் குடுக்கல. இட்லி வேணும்னு தரையில உருண்டான், அப்பவும் குடுக்கல. போன்ல வெறும் வயித்துல கூட்டினு வாங்கன்னாங்க, அப்படியேதான் கூட்டினு வந்தேன். கீழ கவுன்ட்டர்ல கேட்டப்பவும் அதத்தான் சொன்னேன். பொய் இல்ல சிஸ்டர், மாதா மேல சத்தியமா.

பிள்ளைப்பாக்கத்துல எங்க பக்கத்து வூட்ல மரகதம் அக்கான்னு இருக்காங்க. நல்ல மனசு. ஆப்பரேஷன்னு கேட்டதும் கண்ணு கலங்கிப் போச்சு அவங்களுக்கு. இன்னாடி, கான்வென்ட்ல படிச்சவளுக்கு கத்தின்னா இனிக்குது, கஷாயம்னா கசக்குதான்னு ஒரே திட்டு. இன்னிக்கு நாங்க கெளம்பறப்ப தூதுவளையும் மிளகும் போட்டு பால் காச்சி எடுத்துக்கினு வந்துட்டாங்க. இத ஒரு தடவ குடுத்துப் பாரு, சதை கரைஞ்சிட்டா டாக்டரே வேணாம்னு திருப்பி அனுப்பிடுவாருன்னாங்க. அப்படி அனுப்பிட்டா எவ்ளோ நல்லாருக்கும்னு எனக்கும் தோணிச்சு சிஸ்டர். ஆனா இந்த மருந்து வெறும் வயித்துலதான் குடுக்கணும், அப்பதான் வேல செய்யும்னாங்க.

அதனாலதான் வேற எதுவுமே குடுக்கல. அந்த ஒரு டம்ளர் பால் மட்டும்தான். மருந்துதானே, சாப்பாட்டுல எங்க சேரப்போகுதுன்னு நெனச்சேன். கசக்குதுன்னு கூட சொல்லாம முழுசும் குடிச்சிட்டான்.

திட்டுங்க சிஸ்டர், நல்லா திட்டுங்க. ஆனா மொதல்ல மயக்க டாக்டர்கிட்ட சொல்லிட்டு வந்து திட்டுங்க.