மனிதர் நடக்கக் கூடாத பாலம்

பாலப் பெருமைக் குழுவின் தலைவர் அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, இடுப்பில் பிள்ளையோடு நின்றுகொண்டே கேட்கும் தாய்மார்களே, வணக்கம்! மேடை எனக்குப் புதிது. குரல் நடுங்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் என்பதற்காக, "நாலு வார்த்தை பேசி ஓட்டுக் கேளும்மா" என்று ஏற்றிவிட்டார்கள்.

மனிதன் கட்டியவற்றில் நாட்டிலேயே சிறந்தது எது? மக்கள் ஓட்டுப் போட்டுச் சொல்லப் போகிறார்கள். போட்டியில் நம் ஆற்றுப் பாலமும் இருக்கிறது. என் அப்பா கலவை சுமந்த பாலம்! எனக்குப் பெருமை இருக்காதா?

ஆனால் என்ன செய்தீர்கள்? தரையெல்லாம் வெள்ளையடித்தீர்கள். விளிம்பெல்லாம் விளக்குத் தொங்கவிட்டீர்கள். பிறகு இரு பக்கமும் கதவு போட்டுப் பூட்டினீர்களே, எதற்கு?

நிறைமாதக் கர்ப்பிணியான என் அக்காவை நேற்று அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். காவலாளி தடுத்தார்.

"கால் வைக்கக் கூடாதும்மா. பெயிண்ட் அழுக்காயிடும்."

"பாலத்துல கால் வைக்காம தலையையா வைக்கிறது?" என்றார் அம்மா.

"போட்டோவுக்கும்மா."

"அதான் போன வாரமே எடுத்தாச்சே!"

"போட்டி நடத்துறவங்க எப்ப வேணா பாக்க வருவாங்களாம். ஓட்டு எண்ணி முடிச்சதும் தொறந்துடுவாங்க."

அக்கா வயிற்றைத் தடவிக்கொண்டு, "சரிண்ணே, அதுவரைக்கும் உள்ளயே இருன்னு சொல்லி வைக்கிறேன்" என்றாள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஊரைச் சுற்றி ஆட்டோவில் போனோம். ஒவ்வொரு பள்ளத்திலும் அவள் என் கையை நெரித்தது எனக்குத்தான் தெரியும். "வலி எடுத்தா உடனே வந்துடணும்" என்றார் டாக்டர். எந்த வழியாக வருவது, டாக்டரம்மா?

மனிதன் கட்டிய அதிசயமாம், மனிதன் மட்டும் மிதிக்கக் கூடாதாம்! நடக்க முடியாதது பாலமா, படமா? ஆற்றைத் தாண்டத்தானே கட்டினோம்? ஆற்றைவிடப் பெரிய தடையாக அதையே ஆக்கிவிட்டோமே! பின்வரிசை அண்ணா, கைதட்டல் போதும். கதவு கைதட்டலுக்குத் திறக்காது.

ஓட்டுக் கேட்கத்தான் அழைத்தீர்கள், கேட்கிறேன். எல்லோரும் நம் பாலத்துக்கே போடுங்கள். அதன் மேல் நின்றுகொண்டு போடுங்கள்!

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் தயங்கினேன். தலைவர் ஐயா, அக்காவுக்கு மாலையிலிருந்து இடுப்பு கடுக்கிறது. அம்மா அவளோடு பாலத்துக் கதவருகே காத்திருக்கிறார். சாவி உங்கள் சட்டைப் பையில் இருப்பதாகக் காவலாளி சொன்னார். கொடுங்கள் ஐயா.

எல்லோருக்கும் மீண்டும் வணக்கம். நன்றியை மட்டும், சாவி கைக்கு வந்ததும் சொல்கிறேன்.